தென்னிந்திய முள்ளெலி

தென்னிந்திய முள்ளெலி என்பது தென்னிந்தியாவின் வறண்ட சமவெளிகளில் மட்டுமே வாழும் ஒரு சிறிய பாலூட்டி ஆகும். இது முள்ளெலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை முள்ளெலி, வெற்றுவயிற்று முள்ளெலி என்னும் பெயர்களாலும் இது குறிக்கப்படுகிறது. பகலில் புதர்களிலும் வளைகளிலும் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து பூச்சிகளை உண்டு வாழும். ஆபத்து நேரும்போது உடலைப் பந்து போல் சுருட்டிக்கொள்வது இதன் முதன்மையான தற்காப்பு முறையாகும்.

முள்ளெலி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஐரோப்பிய முள்ளெலியும், அது பனிக்காலம் முழுவதும் உறங்கும் வழக்கமுமே ஆகும். பாடநூல்களில் குளிர்கால உறக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இவ்விலங்கு கூறப்படுவது வழக்கம். ஆனால் பனியே பெய்யாத தமிழகத்தின் பொட்டல் காடுகளிலும் ஒரு முள்ளெலி இனம் வாழ்கிறது என்பது பரவலாக அறியப்படவில்லை. இவ்விலங்கு வாழும் நிலம் பயனற்ற தரிசாகவும், இதன் முள் மருந்தாகவும் கருதப்படுவதால், நன்கு அறியப்படும் முன்பே இது பல இடங்களில் அருகி வருகிறது.

பெயர்

முள் + எலி என்னும் இரு சொற்களால் ஆன காரணப்பெயர் இது. எனினும் உயிரியல் முறைப்படி இது எலி அன்று. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவை கொறிணிகள். கொறிணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முள்ளெலியின் பற்கள் அவ்வாறு வளர்வதில்லை. பூச்சிகளின் கடினமான மேலோட்டை நொறுக்குவதற்கு ஏற்ற கூரிய முனைகள் கொண்டவை அவை.

இதன் அறிவியற் பெயர் பாராஎக்கைனசு நூடிவென்ட்ரிசு. எக்கைனோசு என்னும் கிரேக்கச் சொல் முள்ளெலியையும் கடல் முள்ளெலியையும் ஒருங்கே குறிப்பது. நூடிவென்ட்ரிசு என்னும் இலத்தீன் சொல்லுக்கு வெற்று வயிறு உடையது என்பது பொருள். வயிற்றுப் பகுதியில் மயிர் மிகக் குறைவாக இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது.

முள்ளம்பன்றியுடன் குழப்பம்

முள்ளெலியையும் முள்ளம்பன்றியையும் ஒன்றெனக் கருதும் வழக்கம் உண்டு. இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. முக்கிய வேறுபாடுகள் பின்வருமாறு:

* முள்ளம்பன்றி கொறிணி வரிசையைச் சேர்ந்தது. கிழங்கு, வேர், பட்டை முதலியவற்றை உண்பது. முள்ளெலி பெரும்பாலும் பூச்சிகளை உண்பது.
* முள்ளம்பன்றி பல கிலோகிராம் எடை கொண்டது. தென்னிந்திய முள்ளெலி இரு கைகளுக்குள் அடங்கிவிடும்.
* முள்ளம்பன்றியின் நீண்ட முட்கள் எளிதில் கழன்று எதிரியின் உடலில் தைத்துக்கொள்ளும். முள்ளெலியின் குட்டையான முட்கள் எளிதில் கழலா.
* முள்ளம்பன்றி தன் உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வதில்லை.

முள் இருப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. ஆத்திரேலியாவின் எக்கிட்னா, மடகாசுகரின் தென்ரெக் ஆகியவற்றுக்கும் முட்கள் உண்டு. இவையும் முள்ளெலிக்குத் தொலைவான விலங்குகளே. ஒரே வகையான தேவைக்கு வெவ்வேறு மரபில் வந்த விலங்குகள் ஒரே வகையான தீர்வைப் பெறுவதைக் குவிப் படிமலர்ச்சி என்பர்.

முள்ளெலியின் உண்மையான உறவினர் வீடுகளில் உலவும் மூஞ்சூறு ஆகும். பிள்ளையாரின் ஊர்தியாகச் சொல்லப்படும் மூஞ்சூறும் எலி அன்று. நீண்ட மூக்கு, கூரிய பற்கள், மோப்பத்தால் பூச்சிகளைத் தேடும் இயல்பு ஆகியவை இவ்விரண்டுக்கும் பொதுவானவை.

வகைப்பாடு

உலகில் ஏறத்தாழ 17 முதல் 19 வரையிலான முள்ளெலி இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் இயற்கையாக வாழ்கின்றன. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆத்திரேலியாவிலும் இயல்பாக வாழும் முள்ளெலிகள் இல்லை. இந்தியாவில் வாழும் இனங்கள் மூன்று:

* இந்திய நெடுங்காது முள்ளெலி - வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகளில் வாழ்வது. காதுகள் மிகப் பெரியவை.
* இந்திய வெளிறிய முள்ளெலி - இராசசுத்தான், குசராத்து முதலிய பகுதிகளில் வாழ்வது. 1846 இல் எட்வர்டு பிளைத்து விவரித்தார்.
* தென்னிந்திய முள்ளெலி - தென்னிந்தியாவுக்கே உரியது.

தென்னிந்திய முள்ளெலியை முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தவர் தாமசு ஆர்சுபீல்டு ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் இருந்த பாலூட்டிகளைப் பற்றி 1851 இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இது இடம்பெற்றது. சென்னையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டதால் சென்னை முள்ளெலி எனவும் பெயர் பெற்றது. இடைக்காலத்தில் இதை வெளிறிய முள்ளெலியின் துணையினமாகச் சிலர் கருதினர். இப்பொழுது இது தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது.

உடலமைப்பு

இது ஐரோப்பிய முள்ளெலியை விடச் சிறியது. முகம் கூம்பி, மூக்கு ஈரமாகவும் எப்பொழுதும் அசைந்துகொண்டும் இருக்கும். முகத்தில் கரும்பழுப்பு நிறப் பட்டையும் அதனையடுத்து வெண்மையான மயிரும் காணப்படும். கால்கள் குட்டையானவை, வால் மிகச் சிறியது. உச்சந்தலையில் முட்களுக்கு நடுவே வகிடு எடுத்தாற்போல் ஒரு வெற்றிடம் உண்டு. பாராஎக்கைனசு பேரினத்தை அடையாளம் காண இவ்வகிடு உதவுகிறது.

பார்வை கூர்மை குறைந்தது. மோப்பமும் செவிப்புலனும் மிகக் கூர்மையானவை. தரைக்குள் நெளியும் புழுவின் சிறு ஓசையையும் கேட்டறிந்து தோண்டி எடுக்க வல்லது.

முட்கள்

முள் என்பது மாற்றமடைந்த மயிரே ஆகும். மனிதரின் மயிரும் நகமும் எப்பொருளால் ஆனவையோ அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. முள்ளின் உட்புறம் காற்றறைகள் நிறைந்திருப்பதால் எடை குறைவாகவும், அதே வேளையில் வளைந்து உடையாமலும் இருக்கும். தோலுக்குள் பதிந்திருக்கும் முள்ளின் அடிப்பகுதி குமிழ் போல் இருக்கும். அதற்குச் சற்று மேலே முள் மெலிந்து வளையக்கூடியதாக உள்ளது. உயரத்திலிருந்து விழுந்தாலும் முட்கள் உடலுக்குள் குத்திவிடாமல் வளைந்து அதிர்ச்சியைத் தாங்குவதற்கு இவ்வமைப்பு உதவுகிறது. வளர்ந்த ஐரோப்பிய முள்ளெலிக்கு 5000 முதல் 7000 வரை முட்கள் இருக்கும்.

சுருளும் முறை

முதுகுத் தோலின் அடியில் ஒரு தசைப் படலம் உண்டு. அதன் ஓரத்தில் வட்டமாக ஒரு தடித்த தசை ஓடுகிறது. அச்சம் ஏற்படும்போது முள்ளெலி தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொள்ள, இவ்வட்டத் தசை இறுகுகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்வது போன்றே இது நிகழ்கிறது. முள் நிறைந்த தோல் முழு உடலையும் மூடிவிடும். முட்கள் பல திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால் கீரி, நரி முதலிய விலங்குகளுக்குக் கவ்வுவது கடினமாகிறது. ஆயினும் பெரிய ஆந்தைகளும் பழகிய வேட்டை விலங்குகளும் இவற்றைக் கொல்வதுண்டு.

இத்தற்காப்பு முறை சாலைகளில் பயனற்றுப் போகிறது. வண்டியின் ஒளியையும் ஓசையையும் உணர்ந்த முள்ளெலி ஓடுவதற்குப் பதிலாக அங்கேயே சுருண்டுவிடுகிறது.

வாழிடம்

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கேரளம் ஆகிய மாநிலங்களில் இவ்வினம் பதிவாகியுள்ளது. தமிழகத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கோயம்புத்தூர், திருப்பூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பதிவுகள் உள்ளன. அடர்ந்த காடுகளை இது நாடுவதில்லை. முட்புதர்க் காடு, புல்வெளி, மேய்ச்சல் நிலம், மானாவாரி வயல்களின் ஓரங்கள், வேலிப் புதர்கள் ஆகியவையே இதற்கு ஏற்ற இடங்கள்.

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, புதுவயல் வட்டாரத்தைக் கண்டவர்களுக்கு இத்தகைய நிலம் புதிதன்று. செம்மண்ணும் செம்பராங்கல்லும் கலந்த மேட்டு நிலம், இடையிடையே முட்புதர்கள், மழைக்காலத்தில் மட்டும் நிறையும் கண்மாய்கள் என்பதே தென் தமிழகத்தின் வானம் பார்த்த நிலங்களின் பொதுத் தோற்றம். இரவில் இந்நிலங்கள் வண்டு, கரையான், தேள், தவளை, பாம்பு முதலிய உயிரினங்களால் நிறைந்திருக்கும். முள்ளெலியின் உணவுக்களம் இத்தகைய நிலமே.

உணவு

வண்டுகள், கரையான், வெட்டுக்கிளி, புழுக்கள், தேள், பூரான் ஆகியவை முதன்மை உணவு. வாய்ப்புக் கிடைக்கும்போது தவளை, தேரை, பல்லி, தரையில் இடப்பட்ட பறவை முட்டை ஆகியவற்றையும் உண்ணும். வேர்ப்புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் உண்பதால் உழவர்களுக்கு நன்மை செய்யும் விலங்கு எனலாம். வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் இவற்றின் உணவைக் குறைப்பதுடன், நஞ்சுண்ட பூச்சிகள் வழியாக இவற்றின் உடலிலும் சேர்கின்றன.

நச்சு எதிர்ப்பு

முள்ளெலிகள் பாம்பின் நஞ்சைப் பிற சிறு விலங்குகளை விட மிகுதியாகத் தாங்கக்கூடியவை. ஐரோப்பிய முள்ளெலியின் தசையிலிருந்து எரினாசின் என்னும் புரதம் பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. விரியன் வகைப் பாம்புகளின் நஞ்சில் குருதிக்கசிவை உண்டாக்கும் பொருளை இது செயலிழக்கச் செய்கிறது. இத்தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. முள்ளெலியின் முதன்மைப் பாதுகாப்பு முள்ளே ஆகும்.

எச்சில் பூசுதல்

புதிய மணமுடைய ஒரு பொருளைக் கண்டால் முள்ளெலி அதை மென்று, நுரை பொங்கும் எச்சிலாக்கி, தலையைத் திருப்பி நாக்கால் தன் முதுகு முட்களில் பூசிக்கொள்ளும். காண்போர் நோய் கண்டுவிட்டதாக எண்ணுவதுண்டு. இது இயல்பான நடத்தையே ஆகும். இதன் காரணம் குறித்துப் பல கருத்துகள் உள்ளன. தேரையின் நச்சுச் சுரப்பியை மென்று முட்களில் பூசிக்கொள்ளும் முள்ளெலியின் முள், வெறும் முள்ளை விட மிகுந்த எரிச்சலை உண்டாக்குவதாக எட்மண்டு பிராடி 1977 இல் நேச்சர் இதழில் எழுதினார். தன் மணத்தை மறைப்பதற்காகவோ, இணையைக் கவர்வதற்காகவோ இவ்வாறு செய்வதாகவும் சிலர் கருதுகின்றனர்.

இனப்பெருக்கம்

முள்ளெலிகள் தனித்து வாழ்பவை. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணும் பெண்ணும் சேரும். குட்டிகளைத் தாய் மட்டுமே வளர்க்கிறது. ஐரோப்பிய முள்ளெலி ஒரு முறையில் நான்கு அல்லது ஐந்து குட்டிகளை ஈனுவது வழக்கம். இந்திய இனங்கள் பொதுவாக அதை விடக் குறைவாகவே ஈனுகின்றன.

குட்டிகள் கண் திறவாமல் பிறக்கும். பிறக்கும்போது முட்கள் நீர் கோத்த தோலுக்குள் மறைந்திருப்பதால் தாய்க்குக் காயம் ஏற்படுவதில்லை. பிறந்த சில மணி நேரத்தில் தோலின் நீர் வற்ற, மென்மையான வெண்முட்கள் வெளிவரும். பின்னர் நிறமுடைய முட்கள் முளைக்கும்.

உறக்கமும் மந்தநிலையும்

குளிர்கால உறக்கம் என்பது நீண்ட தூக்கம் அன்று. உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியைக் குறைத்து, எரிபொருள் செலவை மிகக் கீழான அளவுக்குக் கொண்டுசெல்லும் நிலை அது. இந்நிலையை மந்தநிலை என்பர். பல நாட்கள் நீளும் மந்தநிலைகள் அடுத்தடுத்துத் தொடர்வதே குளிர்கால உறக்கமாகும்.

ஐரோப்பிய முள்ளெலியில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. இலையுதிர் காலத்தில் அது மிகுதியாக உண்டு இரு வகைக் கொழுப்பைச் சேர்க்கிறது. வெண்கொழுப்பு நாள்தோறும் சிறிது சிறிதாக எரியும் எரிபொருள். தோள்களைச் சுற்றிச் சேரும் பழுப்புக் கொழுப்போ விழிக்கும் வேளையில் உடலைச் சூடேற்றுவதற்கானது. பின்னர் இலைகளைக் குவித்துக் கூடு அமைத்து அதனுள் சுருண்டுகொள்கிறது. அப்போது ஏற்படும் மாற்றங்கள்:

* ஏறத்தாழ 35 பாகை செல்சியசாக உள்ள உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தை ஒட்டித் தாழ்கிறது. சுற்றுப்புறம் உறைநிலைக்குச் சென்றால், உடல் சிறிது எரிபொருளைச் செலவிட்டு உறையாமல் காத்துக்கொள்கிறது.
* நிமிடத்துக்கு 190 அளவில் இருந்த இதயத் துடிப்பு 20 அளவுக்குக் குறைகிறது.
* மூச்சு விட்டு விட்டு வருகிறது. சில வேளைகளில் பல நிமிடங்கள் மூச்சே இல்லாதது போல் தோன்றும்.

இவ்வாறு உறங்கும் விலங்கு மாதக்கணக்கில் ஒரே நிலையில் கிடப்பதில்லை. சில நாட்களுக்கு ஒரு முறை பழுப்புக் கொழுப்பை எரித்து, சில மணி நேரத்தில் உடலைச் சூடேற்றி விழிக்கிறது. பிறகு மீண்டும் மந்தநிலைக்குச் செல்கிறது. ஒவ்வொரு விழிப்பும் மிகுந்த கொழுப்பைச் செலவிடுவதாகும். எனவே பனிக்காலத்தில் அடிக்கடி தொந்தரவுக்கு உள்ளாகும் முள்ளெலி வேனில் வரும் முன்பே எரிபொருள் தீர்ந்து இறக்கக்கூடும். போதிய எடை சேராத இளம் முள்ளெலிகள் பல முதற் பனிக்காலத்தைக் கடப்பதில்லை.

குளிரா, பஞ்சமா?

முள்ளெலியை உறங்கச் செய்வது குளிர் மட்டும் அன்று. பனிக்காலத்தில் பூச்சிகள் கிடைப்பதில்லை. உண்ண இயலாத காலத்தில் உடல் வெப்பத்தைக் காப்பது வரவின்றிச் செலவு செய்வதற்கு ஒப்பாகும். ஆகவே உறக்கம் என்பது குளிருக்கும் உணவுப் பஞ்சத்துக்கும் சேர்த்து உடல் கண்ட விடையாகும். ஐரோப்பிய முள்ளெலிகள் 19 ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஐரோப்பாவில் பாதி ஆண்டு வரை உறங்கும் அதே இனம், நியூசிலாந்தின் வெப்பமான வட பகுதிகளில் மிகக் குறைந்த காலமே உறங்குகிறது.

அரபுத் தீபகற்பத்தில் வாழும் பாலைவன முள்ளெலி தென்னிந்திய முள்ளெலியின் பேரினத்தையே சேர்ந்தது. பாலையின் குளிர்மிகுந்த மாதங்களில் அது உறக்கத்தில் ஆழ்கிறது. வடமேற்கு இந்தியாவின் வெளிறிய முள்ளெலி உணவும் நீரும் அரிதாகும்போது மந்தநிலைக்குச் சென்று செலவைக் குறைத்துக்கொள்கிறது.

தமிழகச் சமவெளியில் மார்கழி இரவுகளும் பாலூட்டிகளை உறங்கச் செய்யும் அளவுக்குக் குளிர்வதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் அம்மாதங்கள் பூச்சிகள் மிகுந்த காலமும் ஆகும். இங்கே உணவு அரிதாவது மண் வெடித்துக் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான். ஆகவே பாடநூலில் காணும் நீண்ட குளிர்கால உறக்கத்தைத் தென்னிந்திய முள்ளெலிக்கு அப்படியே பொருத்திச் சொல்வது பிழையாகும். ஒரு பண்பை ஒரு நாட்டின் தட்பவெப்பத்திலிருந்து பிரித்துப் பொதுவிதியாகக் கற்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. அசையாமல் சுருண்டு, தொட்டால் குளிர்ந்திருக்கும் முள்ளெலி இறந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. அது மந்தநிலையில் இருக்கலாம். அதைச் சூடேற்றவோ நீரில் இடவோ முயலாமல், காயம் இருப்பின் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. முள்ளெலிக்குப் பால் கொடுத்தல் தீங்கானது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாமல் அதற்கு வயிற்றுப்போக்கு ஏற்படும்.

மனிதரும் முள்ளெலியும்

நாட்டு மருத்துவ நம்பிக்கை

தமிழகத்தின் சில பகுதிகளில் குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள் மருந்து என்னும் நம்பிக்கை உள்ளது. முள்ளையோ தோலையோ சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பர். இதற்காக முள்ளெலிகள் பிடிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. தமிழகத்தில் நடைபெறும் இம்மருத்துவப் பயன்பாட்டையும் விற்பனையையும் பற்றி பிராவின் குமார், வின்சென்ட் நைமன் ஆகியோர் 2016 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

கக்குவான் இருமல் ஒரு வகைப் பாக்டீரியாவால் உண்டாவது. முள் என்பது நகமும் மயிரும் போன்ற கெரட்டினே ஆகையால், அதன் கரிக்கு அக்கிருமியை அழிக்கும் ஆற்றல் இல்லை. இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இந்தியாவில் 1978 இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்திலேயே முத்தடுப்பூசியின் ஒரு பகுதியாக அது இடம்பெற்றது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. கைக்குழந்தைகளுக்கு இந்நோய் உயிருக்கே ஆபத்தானது. முள்ளின் கரியை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பதால் முள்ளெலியின் உயிருடன் குழந்தையின் உயிரும் இடருக்கு உள்ளாகிறது.

வாழிட இழப்பு

முட்புதர் நிலங்கள் காடுகளாக மதிக்கப்படுவதில்லை. நடுவண் அரசு 2000 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலமும் ஒரு தரிசு வகையாகவே கணக்கிடப்படுகிறது. தரிசு எனப் பெயர் பெற்ற நிலம் மனைகளாகவும், தொழிற்பேட்டைகளாகவும், தோட்டங்களாகவும் மாறுவது எளிது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள தைலமரத் தோட்டங்களும், தென் மாவட்டங்களெங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேலமும் பழைய புதர் நிலங்களின் இயல்பை மாற்றியுள்ளன. மரம் இருப்பதால் இந்நிலங்கள் பசுமையாகத் தோன்றினும், திறந்த புல்வெளியையும் நாட்டுப் புதர்களையும் சார்ந்த உயிர்களுக்கு அவை ஈடாகா.

பாதுகாப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் தென்னிந்திய முள்ளெலி தீவாய்ப்புக் குறைந்த இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. எங்கும் பொதுவாகக் காணப்பட்ட ஐரோப்பிய முள்ளெலியே 2024 இல் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரு விலங்கு எளிதில் காணக்கூடியது என்பதால் அது பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ள இயலாது என்பதை இது காட்டுகிறது.

2025 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அதிகக் கவனம் பெறாத நான்கு உயிரினங்களின் பாதுகாப்புக்கென ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, வரிக் கழுதைப்புலி, திமில் மகசீர் மீன் ஆகியவற்றுடன் சென்னை முள்ளெலியும் இதில் இடம்பெற்றது. யானை, புலி போன்ற பெருவிலங்குகளுக்கே பெரும்பாலும் திட்டங்கள் வகுக்கப்படும் சூழலில், வேலியோரத்தில் வாழும் ஒரு சிறு விலங்குக்கு நிதி ஒதுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இவ்வினத்தைக் காக்கத் தேவையானவை எளியவை: வயலோர வேலிப் புதர்களை முற்றிலும் எரிக்காதிருத்தல், பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைக் குறைத்தல், இரவில் ஊர்ச் சாலைகளில் மெதுவாகச் செல்லுதல், முள்ளை மருந்தாக வாங்காதிருத்தல்.

இவற்றையும் பார்க்கவும்

* முள்ளம்பன்றி
* மூஞ்சூறு
* குளிர்கால உறக்கம்
* குவிப் படிமலர்ச்சி
* கக்குவான் இருமல்